மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி விஜயசங்கரின் செய்தி ஆனந்தவள்ளியின் போனில் வந்து விழுந்தது.

'ஹாய், எனக்குக் குற்றாலத்துல கல்யாணம். குதிரையில என்ட்ரி. கவ்பாய் பூட்ஸ் வேணும், சும்மா மாஸா இருக்கணும்.'

கடைக்காரி யாரென்று அவனுக்குத் தெரியாது. ஆனந்தவள்ளி தென்காசியில் தன் வீட்டு மாடியில் இருந்துகொண்டு 'லாடம்' என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் பூட்ஸ் விற்கிறவள். படங்களில் பூட்ஸ் இருக்கும், கால் இருக்கும், முகம் இருக்காது.

கல்லூரியில் படிக்கும்போது பைக்கிலிருந்து விழுந்ததில் அவளுக்கு இடதுகால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. செருப்புப் போட்டால் நொண்டுவது தெரியும். கவ்பாய் பூட்ஸின் உயர்ந்த குதிகாலுக்குள் ஒரு தக்கையை வைத்துக்கொண்டால் தெரியாது. முதலில் தனக்கென்று வாங்கினாள், பிறகு பிரியம் முற்றி அதையே வியாபாரமாக்கிக்கொண்டாள்.

இந்தக் காலைத்தான் விஜயசங்கர் ஊர் முழுக்க விற்றான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் அவனுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. கால் சங்கதி அவனுக்குத் தெரியாததா? ஐந்தருவியில் வழுக்கும் படிகளில் 'பார்த்து வா' என்று அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டவனே அவன்தான். பெங்களூரில் சம்பளம் கூடியதும் ஐயாவுக்குப் பெரிய இடமாகத் தேவைப்பட்டது. ஒதுங்க ஒரு சாக்கு வேண்டுமே? 'நொண்டியை மறைச்சு என் தலையில கட்டப் பார்த்தாங்க' என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தினான். நரம்பில்லாத நாக்கு. அன்றிலிருந்து ஆனந்தவள்ளியின் அப்பா கோயிலுக்குக்கூட ரதவீதி வழியாகப் போவதில்லை. யாராவது கேட்டுவிடுவார்களாம். ஏமாற்றுக்காரன் என்று பேர் வாங்கியது அவர், ஏமாற்றியது அவன்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அவள் வீட்டுக் கஞ்சி ஆறவே இல்லை.

'வாழ்த்துகள் சார்' என்று பதில் போட்டாள். 'காலையில் எழுந்ததும் பேப்பரில் பாதத்தை வரைந்து அனுப்புங்க.'

மற்றவர்களிடம் அவள் அப்படிச் சொல்வதில்லை. பொழுது ஏற ஏறக் கால் வீங்கும், அதனால் சாயங்காலம்தான் அளவெடுக்க வேண்டும் என்பாள். புது பூட்ஸில் குதிகால் லேசாக ஏறி இறங்கட்டும், ஆனால் விரல் இடிக்கக் கூடாது, தோல் அகலத்தில் நெகிழும், நீளத்தில் நெகிழாது என்பாள். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள், வெயில் ஆகாது, பிறகு தோலுக்கான களிம்பு தடவுங்கள் என்று தாய் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்வாள்.

விஜயசங்கருக்கு எல்லாம் தலைகீழ். அவன் தேர்ந்தெடுத்தது தேன் நிறத்தில் பூவேலை செய்த ஜோடி. அவன் அளவில் அரை சைஸ் குறைத்துப் பெட்டியில் வைத்தாள். உள்ளே ஒட்டியிருந்த சைஸ் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அது அவள் தொழிலில் செய்த முதல் துரோகம். அப்பா ரதவீதியைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவதை நினைத்தபடியே பெட்டியை ஒட்டி மூடினாள்.

பெட்டி கிடைத்ததும், 'ரொம்ப டைட்டா இருக்கே' என்று கேட்டான்.

'டைட்டா இருந்தாத்தான் கவ்பாய் பூட்ஸ் சார். பவுடர் போட்டு ஏத்துங்க. மொட்டை மாடி வெயில்ல நல்லா காய வைங்க. கல்யாணத்தன்னைக்கு விடியக்காலமே போட்டு, அருவித் தண்ணியில நனைச்சுட்டுக் காலோடயே காய விட்டீங்கன்னா, உங்க கால் அச்சுக்குப் பிடிச்சுக்கும்.'

'சூப்பர்' என்று ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். படித்தவன், நாலு இடத்தில் கேட்டிருக்கலாம். தன்னை ஒருத்தர் ஏமாற்ற முடியும் என்ற நினைப்பே இல்லாதவனுக்கு யாரிடம் கேட்கத் தோன்றும்?

கல்யாணப் பெண்ணின் தகப்பனார், ஆனந்தவள்ளியின் அப்பா வேலை பார்த்த மின்வாரியத்தில் பெரிய அதிகாரியாக இருந்தவர், கல்யாணப் பத்திரிகை வைத்திருந்தார். "போவாண்டாம் தாயி" என்றார் அப்பா. அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள்.

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. மாப்பிள்ளை விடியற்காலையிலேயே ஐந்தருவியில் பூட்ஸை நனைத்துப் போட்டோவும் எடுத்துவிட்டு, கோட்டு சூட்டும் தொப்பியுமாகக் குதிரையில் கல்யாண மண்டபத்துக்கு வந்து இறங்கினான். இறங்கும்போதே முகம் கோணியது. ஆனந்தவள்ளி மட்டும்தான் அதைக் கவனித்தாள்.

வாசலில் நாற்காலி போட்டிருந்தது. பெண்ணின் தம்பி ஆதித்தன் செம்பும் தாம்பாளமும் வைத்துக்கொண்டு நின்றான். மச்சினன் கால் கழுவிவிட்டு மோதிரம் வாங்கின பிறகுதான் மாப்பிள்ளை வேட்டி மாற்றி மணவறை ஏற முடியும்.

"பூட்ஸைக் கழத்துங்க அத்தான்."

கழற்றினான். வரவில்லை. ஆதித்தன் பிடித்து இழுத்தான், வரவில்லை. ஒருத்தர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தர் இழுத்தார். நாற்காலிதான் நகர்ந்தது. தேங்காயெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்த பாட்டையே மறுபடி வாசித்தார். "முகூர்த்தம் போறது" என்று உள்ளேயிருந்து ஐயர் சத்தம் கொடுத்தார். விஜயசங்கர் வலி தாங்காமல், "மெதுவா இழுலே, மூதி!" என்று மச்சினனைப் பார்த்துக் கத்தினான். ஆதித்தன் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டான்.

எழுந்து இரண்டடி வைத்துப் பார்த்தான் மாப்பிள்ளை. காலை ஊன்ற முடியாமல் சாய்ந்து சாய்ந்து நடந்தான். பெண்ணின் பெரியம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்ன இது, நொண்டுதாரு?"

"புது பூட்ஸும்மா, அதான்" என்றாள் அவன் அம்மா.

"புது பூட்ஸுக்கு எவனாவது இப்படி நொண்டுவானா? காலுல என்ன குறையை மறைக்குதீங்க? வாசல்லேருந்து மணவறை வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்க, பார்ப்போம்."

மண்டபமே அவன் காலைப் பார்த்தது. "எனக்குக் குறையெல்லாம் இல்லை" என்று அவன் மறுபடி நாற்காலியில் சரிந்தபடி சொல்ல, குரல் கீச்சிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனந்தவள்ளிக்கு வயிறு குளிர்ந்தது.

அதோடு பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் யார் அடித்தது என்று தெரியாத அடி பாதி அடிதானே.

வாசலிலேயே செருப்பை விட்டிருந்தாள். அத்தனை பேர் முன்னிலையிலும் வெறுங்காலோடு, நொண்டுவதை மறைக்காமல் அவனிடம் நடந்து போனாள். எல்லாரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் காலை யாரும் பார்க்கவில்லை.

"இழுத்தா வராது தம்பி. பக்கத்துல ரெண்டு தையல் இருக்கு பாருங்க, பிளேடு வச்சு அதை அறுங்க" என்றாள் ஆதித்தனிடம்.

அறுத்தான். தோல் வாயைப் பிளந்தது. வெளியே வந்த கால் வெந்த கிழங்கு மாதிரி சிவந்து, குதிகாலில் தோலுரிந்து கிடந்தது. ஆதித்தன் செம்புத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினான். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே நிற்பது யாரென்று அடையாளம் தெரிந்தது.

"நீ... எங்க இங்கன?"

ஆனந்தவள்ளி குனிந்து அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அரை சைஸ் சின்னது சார். அதை மட்டும் மறைச்சிட்டேன்."

அவன் அறுந்து கிடந்த பூட்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான், கடைக்காரி யாரென்று புரிந்தது. யாரிடம் சொல்வான்? ஐயர் மறுபடி கூப்பிட்டார், நாலு பேராக அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனார்கள்.

முகூர்த்தத்தின் கடைசி நிமிஷத்தில் தாலி ஏறியது. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை அக்கினியை வலம் வந்தான், ஒவ்வொரு சுற்றும் நொண்டி நொண்டி. வீடியோக்காரர் ஒரு அடியைக்கூட விடவில்லை. ஆனந்தவள்ளி முன்வரிசையில் உட்கார்ந்து, கை நிறைய அட்சதையை அள்ளி, குறி பார்த்து எறிந்தாள்.