சறுக்குமரத்து உச்சியில் ஜெஸீமா

பௌர்ணமிப் போயா லீவு நாளில் சந்தை இல்லை, ஏற்றுவதற்கு மரக்கறியும் இல்லை. அதனால் றிகாஸ் தன் சின்னப் பட்டா லொறியைக் கழுவித் துடைத்து, மனைவியையும் மகளையும் முன்னால் ஏற்றிக்கொண்டு பூங்காவுக்குப் புறப்பட்டான். நாவுல டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், குளக்கரையை ஒட்டிப் புதிதாகத் திறந்திருந்த பூங்கா அது. லீவு நாளில் குடும்பம் குடும்பமாகச் சனம் வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தான். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து எங்கேயாவது போவது அதுதான் முதல் தடவை.

ஜெஸீமாவை அவன் கல்யாணம் முடித்து நாலு மாதம்தான். அவளுக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. மாத்தளை டவுனில் உம்மாவோடு இருந்துகொண்டு, வீட்டிலேயே தையல் தைத்தவள். பேசி வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போக, இனி நமக்கு மெஷினும் நூலும்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகுதான் நாவுலயிலிருந்து இந்தப் பேச்சு வந்தது. றிகாஸின் முதல் மனைவி டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. மர்வா என்று எட்டு வயதில் ஒரு மகள்.

மர்வா துடுக்கான பிள்ளை இல்லை. ஜெஸீமாவை ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. சின்னம்மா முறை வைத்து, சாச்சி என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், படுக்கச் சொன்னால் படுப்பாள். ஆனால் அவளிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். தலை பின்னவும், பென்சில் சீவவும் வாப்பா லொறியோட்டம் முடித்து வரும்வரை காத்திருப்பாள். ஒரு நாள் காலில் முள் தைத்து, பின்னேரம் முழுக்க நொண்டிக்கொண்டு திரிந்தாள். என்ன மகள் என்று ஜெஸீமா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றுவிட்டாள். வாப்பா வந்த பிறகுதான் காலை நீட்டினாள். ஜெஸீமா அடுப்படிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். அந்தப் பிள்ளை மேல் அவளுக்குக் கோபம் இல்லை. உம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை இன்னொருத்தியை எப்படி நம்பும் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கினாலும் வலித்தது.

பூங்காவில் நல்ல சனம். மரநிழலெல்லாம் பாய் விரித்துப் பிடித்தாகிவிட்டது. றிகாஸ் தேடித் திரிந்து ஒரு கும்புக் மரத்தடியில் இடம் கண்டான். பக்கத்துப் பாயில், எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண், ஜெஸீமாவின் வயதுக்காரி, தன் பாயை ஒரு பக்கமாக இழுத்து இவர்களுக்கு நிழல் விட்டுக்கொடுத்தாள். பெயர் சந்திரகாந்தா என்றாள். கொழுந்து பறிப்பவள், மாத்தளைக் கோயிலுக்கு வந்தவர்கள் பிள்ளைகளுக்காக இங்கேயும் ஒரு நடை வந்தார்களாம். மர்வாவை விடக் கொஞ்சம் உயரமான அவளுடைய மகள் சர்மிளா ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள்.

மர்வா விளையாட ஓடினாள். லொறியில் வரும் வழியில் ஒரு போத்தல் ஒரேஞ்ச் பார்லி குடித்திருந்தாள். வாசலில் றிகாஸ் தம்பிலி இளநீரும் வாங்கிக் கொடுத்திருந்தான். பிள்ளையைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஜெஸீமாவுக்குத் தோன்றவில்லை. அதுவரை றிகாஸோடு மட்டும் வெளியே போய்ப் பழகிய பிள்ளை. வாப்பாவால் பெண்கள் பக்கம் வர ஏலாது என்பதால் வீடு வரும்வரை அடக்கிப் பழகியிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சறுக்குமரத்துப் பக்கம் சத்தம் கேட்டது. அது உயரமான சறுக்குமரம். உச்சியில் சின்னக் கூடு மாதிரி ஒரு தட்டு, மேலே கூரை. மர்வா அந்தக் கூட்டுக்குள் குந்திக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறாள். ஏணியில் பிள்ளைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு சிங்களத்திலும் தமிழிலும் அவளைச் சறுக்கச் சொல்கிறார்கள். றிகாஸ் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டி, பயப்பட வேண்டாம், வாப்பா பிடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். அவள் தலையை ஆட்டினாள். அவன் ஏணியில் ஒரு படி வைத்ததும், வர வேண்டாம் என்று அழத் தொடங்கினாள். சுற்றி நின்ற தாய்மார், பாவம் பிள்ளை, பயந்துவிட்டது என்றார்கள்.

அப்போதுதான் மர்வா கூட்டுக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டினாள்.

"சாச்சிய வரச் சொல்லுங்க."

தனக்குச் சரியாகக் கேட்டதா என்று ஜெஸீமாவுக்குச் சந்தேகம். றிகாஸ் திரும்பிப் பார்த்த பார்வையில்தான் அது நிஜம் என்று தெரிந்தது. அவள் நாலு பேர் பார்க்கச் சத்தமாகச் சிரித்தும் பழக்கமில்லாதவள். ஆனால் அந்த நேரம் வெட்கம் எங்கே போனதோ தெரியாது. பிள்ளைகளைக் கொஞ்சம் இறங்கச் சொல்லிவிட்டு, அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளுக்கென்று செய்த அந்த ஒடுக்கமான ஏணியில் ஏறினாள். கூட்டுக்குள் குனிந்துதான் நுழைய முடிந்தது.

மர்வா முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மஞ்சள் சட்டையின் பின்பக்கமும் தட்டும் நனைந்திருந்தன. வாசமே சொல்லிவிட்டது.

"ஏலாமப் போச்சி சாச்சி," என்றாள் குசுகுசுவென்று. "வாப்பாக்கிட்ட சொல்லாதீங்க. அந்தப் புள்ளைங்களும் பார்த்துரும்."

ஜெஸீமாவின் நெஞ்சு உருகிவிட்டது. ஆனால் உருகிக்கொண்டு நிற்க நேரமில்லை. கீழே எட்டிப் பார்த்து, பிள்ளைக்குத் தாகமாக இருக்கிறது, அந்தப் பெரிய தண்ணீர்ப் போத்தலைத் தாருங்கள் என்று றிகாஸிடம் கேட்டாள். அவன் ஏணியில் பாதி ஏறிப் போத்தலை நீட்டினான். வாங்கி மூடியைத் திறந்தவள், மர்வாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மகள், இப்ப ரெண்டு பேரும் நனையப் போறோம். நீங்க சிரிக்கணும். சரியா?"

மர்வா விளங்காமல் பார்த்தாள். ஜெஸீமா போத்தலைக் கவிழ்த்தாள். குளிர்ந்த தண்ணீர் இரண்டு பேர் மடியிலும் கொட்டி, தட்டைக் கழுவிக்கொண்டு சறுக்குமரத்தில் ஓடியது. பிள்ளை ஹக் என்று மூச்சை இழுத்து, பிறகு நிஜமாகவே சிரித்தாள். அடடே, போத்தல் கவுந்துட்டுதே என்று ஜெஸீமா கீழே கேட்கும்படி சொல்லிவிட்டு, முக்காட்டுக்கு மேலே போர்த்தியிருந்த பெரிய சால்வையைக் கழற்றி மடித்து அடியில் போட்டு, பிள்ளையை இறுக்கி அணைத்தபடி வழுக்கினாள். சால்வை சறுக்குமரத்தை மேலிருந்து கீழ்வரை துடைத்துக்கொண்டே வந்தது. சொட்டச் சொட்ட இரண்டு பேரும் மணலில் வந்து விழுந்தார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். றிகாஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

இனி மாற்றுச் சட்டைக்கு என்ன செய்வது? ஜெஸீமா ஒன்றும் கொண்டுவரவில்லை. ஈரத்தோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெண்கள் பாத்ரூமுக்குப் போனபோது, பின்னாலேயே சந்திரகாந்தா வந்தாள். கையில் ஒரு நீலச் சட்டையும் உள்ளுடுப்பும் துவாயும் இருந்தன. சர்மிளாவுக்கென்று கொண்டுவந்த மாற்று உடுப்பு.

"போட்டு விடுங்கக்கா. எங்க புள்ளைக்கும் இப்படித்தான், தூரம் தொலைக்குப் போனா தண்ணிப் போத்தல் கவுந்துரும்," என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கண்ணில் மட்டும் இருந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சள் சட்டையை வாங்கி, தானே குழாயடியில் கசக்கிப் பிழிந்தாள். வேண்டாம் என்று ஜெஸீமா தடுத்ததையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானம் இரண்டு பாயும் ஒன்றாகிவிட்டன. சந்திரகாந்தா ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் எடுத்து வைத்து, இதுல எறச்சி ஒண்ணும் சேரல, பயமில்லாமச் சாப்பிடுங்க என்றாள். ஜெஸீமா தான் சமைத்த நெய்ச்சோற்றையும் கத்தரிக்காய்ப் பிரட்டலையும் அவர்களுக்குப் பகிர்ந்தாள். மர்வாவும் சர்மிளாவும் குளக்கரைக் கம்பிவேலி ஓரமாகக் கொக்குப் பார்க்கப் போனார்கள். போகும்முன் மர்வா ஜெஸீமாவின் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஈரத்தில் அவிழ்ந்த பின்னலைப் பின்னிவிடச் சொன்னாள். பக்கத்திலேயே வாப்பா இருந்தார். முதல் தடவையாக ஜெஸீமா போட்ட பின்னல் கோணலாகிவிட்டது. பிள்ளை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று ஓடியது.

வேன் புறப்படும்போது உடுப்பைத் திருப்பித் தர வேண்டாம் என்றாள் சந்திரகாந்தா. அது சரிவராது என்று ஜெஸீமா அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். சர்மிளாவைக் கிட்டே கூப்பிட்டு, தோளையும் இடுப்பையும் சாண் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அஸர் தொழுகைக்கு ஒரு பள்ளிவாசலில் நிறுத்தினார்கள். அபாயாவைக் குழாயடியில் எவ்வளவு அலசியிருந்தாலும் அதோடு தொழுவதற்கு மனம் கேட்காமல், பெண்கள் அறையில் தொங்கிய தொழுகை அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் அல்லாஹ்விடம் எவ்வளவோ கேட்டிருக்கிறாள். நல்ல மாப்பிள்ளை கேட்டாள், உம்மாவுக்குச் சுகம் கேட்டாள், தன் வயிற்றில் ஒரு பிள்ளை கேட்டாள். ஒரு பிள்ளை தன் வெட்கத்தைக் கொண்டுவந்து நம்பி ஒப்படைக்க வேண்டும் என்று கேட்க அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்காமலே கிடைத்துவிட்டது. ஸுஜூதில் தரையில் வைத்த தலையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த எல்கடுவப் பெண்ணுக்காகவும் அவள் வீட்டு ஆட்களுக்காகவும் துஆ கேட்டாள்.

றிகாஸ் பிறகும் இரண்டு தடவை கேட்டான், உச்சியில் அப்படி என்னதான் நடந்தது என்று. பயந்துவிட்டாள், போத்தலும் கை தவறிவிட்டது என்று ஜெஸீமா சொல்லிவிட்டாள். இன்றுவரைக்கும் அவனுக்குத் தெரியாது.

அடுத்த கிழமை அவள் சர்மிளாவுக்கு நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட ஒரு சட்டை தைத்தாள். பொத்தான் எது என்று மர்வாதான் பொறுக்கினாள். இரவல் உடுப்பையும் அதையும் ஒரே பார்சலாகக் கட்டி, மாத்தளை பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். இரண்டு நாளில் சந்திரகாந்தாவிடமிருந்து போன் கோல் வந்தது.

"கொஞ்சம் லூசா இருக்குக்கா. அதுவும் நல்லதுதான், வர்ற வருசமும் போடலாம்," என்றாள். பிறகு, "தண்ணிப் போத்தல் எப்படி, நல்லா மூடித்தானே வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஜெஸீமாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற மர்வா, தனக்கும் பேசத் தரும்படி போனுக்குக் கையை நீட்டினாள்.