இரண்டு வினாடி

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சிப் பாதியைக் குடித்தான், மீதியைக் கொட்டினான். கசங்கிய சட்டையையே மாட்டிக்கொண்டு எட்டே காலுக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தான். மனைவி போன நான்கு மாதத்தில் இதில் ஒரு நிமிடம் பிசகியதில்லை.

"மச்சான், இந்த பில்ட் என்னை மதிக்கவே மாட்டேங்குதுடா," என்றான் பக்கத்து இருக்கைக்காரன். நாளெல்லாம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வேலை பார்ப்பதால் அவன் பெயர் ஆமை. "என் ஸ்கிரிப்ட் கோப்பத் திருத்துது. ஆனா ஓட்டிப் பாத்தா பழசுதான் வருது. அரைச்ச மாவ அரைச்சாக்கூடப் பரவால்ல, இது ஆட்டுக்கல்லயே தொட மாட்டேங்குது."

எழுதிய நிரலைச் சேர்த்து ஓடும் மென்பொருளாக்குகிற அந்த பில்ட் கருவி ஒரு சோம்பேறி. மூலக் கோப்பு திருத்தப்பட்ட நேரத்தையும், அதிலிருந்து செய்த கோப்பின் நேரத்தையும் பார்க்கும். மூலம் பிந்தியிருந்தால்தான் கையை அசைக்கும்.

ஆமை சொன்னதன் காரணத்தை அவன் அரை மணியில் பிடித்துவிட்டான். கோப்புகள் பழைய காப்பு வட்டில் இருந்தன. அந்த வட்டுக்கு ஒற்றைப்படை வினாடியே கிடையாது. எந்த நேரத்தையும் அடுத்த இரட்டைப்படை வினாடிக்குத் தள்ளிவிடும். முதலில் செய்ததும், ஒரு வினாடி கழித்துத் திருத்தியதும் அதற்கு ஒன்றுதான்.

"அடப்பாவி வட்டே! யாரு இதுல போட்டது?" என்றான் ஆமை.

"நீதான். ஆளு போனா மடிக்கணினியத் துடைக்கறதுக்கு முன்னாடி நகல் எடுப்பாங்களே, அந்த வட்டு."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் கை விசைப்பலகை மேல் நின்றது.

அவன் மனைவியும் இதே அலுவலகம். போன அன்று வீட்டிலிருந்து வேலை. பதினொன்று பதினாலுக்கு அழைத்தாள். கூட்டத்தில் இருந்தான், துண்டித்துவிட்டான். மாலையில் போனபோது மேசை மேல் சாய்ந்து கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, அதன் பிறகு கை அசைந்திருக்காது என்றார் மருத்துவர்.

அவன் துண்டித்தது அந்த நிமிடத்தின் ஏழாவது வினாடி. அவள் கடைசியாகச் சேமித்த கோப்பு, நகலில், அதே நிமிடம் எட்டாவது வினாடி. அப்படியானால் துண்டித்த பிறகும் கை அசைந்திருக்கிறது. உதவிக்குக் கூப்பிடவில்லை, சும்மா ஏதோ கேட்கத்தான். நான்கு மாதமாக அந்த ஒரு வினாடியைப் பிடித்துக்கொண்டுதான் அவன் சோறு தின்றான்.

அந்த வட்டில் எட்டு என்றால் ஏழரையாக இருக்கலாம். ஆறேகாலாகவும் இருக்கலாம்.

"அசல் மடிக்கணினி எங்க?" என்று கேட்டான்.

"எதோட அசல்? அதெல்லாம் அப்பவே துடைச்சு வேற யாருக்கோ குடுத்தாச்சு. நீ பில்டுக்கு வழி சொல்லு."

"நேரத்தப் பாக்க வேண்டாம். உள்ள இருக்கறத ஒப்பிடச் சொல்லு."

ஆமை அப்படியே செய்தான். பில்ட் ஓடியது. ஆமை கைதட்டினான்.

அவன் அவளுடைய கோப்பைத் திறந்தான். கடைசி வரி பாதியில் நின்றது. அதிலும் ஒன்றுமில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் சேமிப்பது அவள் வழக்கம். அவளுடைய எந்தக் கோப்பும் எந்த நேரமும் பாதியில்தான் நிற்கும்.

மதியம் மாமியார் அழைத்தாள்.

"சாப்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

"திரும்பத் திரும்பக் கேக்கறேன்னு நினைக்காதீங்க. அவ உங்களக் கூப்பிட்டது வலி வந்து இல்லதானே? அப்புறமும் வேலை பாத்தான்னு சொன்னீங்களே."

"ஆமா அத்தை. கம்ப்யூட்டர்ல நேரம் இருக்கு."

"அது போதும்ப்பா. அதக் கேட்டாத்தான் எனக்குக் கண்ண மூட முடியுது." மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்குக் காலையில நீங்க கிளம்பறப்போ உங்ககிட்ட என்ன சொன்னா? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"அம்மாவப் பத்திரமாப் பாத்துக்கணும்னு சொன்னா."

"எம் பொண்ணு," என்றாள் மாமியார். வெகுநேரம் அழுதாள். அவன் துண்டிக்காமல் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

அன்று காலை அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"கதவ மெதுவா சாத்துடா, எரும."