தோளில் பட்ட கால்

முட்டுக்காட்டு உப்பங்கழியில் ஜெயஸ்ரீ தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே கவிழ்த்த கயாக் படகுதான். கவிழாமல் ஏறிப் பழக முடியுமா? படகில் உட்காரும் குழியிலிருந்து காலை உருவிக்கொண்ட பிறகும் மேலே வர மனமில்லை. பச்சை வெளிச்சம், காதில் பஞ்சு அடைத்தாற்போல் அமைதி. இப்படியே கிடந்துவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. லைஃப் ஜாக்கெட்டுக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. அவளை மேலே தள்ளிவிட்டது.

விவாகரத்துக்குப் பிறகு மேடவாக்கத்தில் தனி ஃப்ளாட். வார நாட்களை ஆபீஸ் விழுங்கிவிடும்; ஞாயிறுதான் ஆளைத் தின்னும். அதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே மருந்து இந்தப் படகுக் கூட்டம். இன்று துணையோடு திரும்ப ஏறிக் காட்டாவிட்டால் அடுத்த வாரம் வர வேண்டாம் என்று பயிற்சியாளர் ஷ்யாம்சுந்தர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

துணைக்கு வாய்த்தவரோ ஈவ்லின் மிஸ். தாம்பரத்தில் ஆறாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு எடுத்தவர். ஓய்வு பெற்ற கையோடு துடுப்பைப் பிடித்துவிட்டார். கவிழ்ந்த கயாக்கின் மூக்கைத் தன் படகின் குறுக்கே இழுத்துப் போட்டுத் தண்ணீரை வடித்தார். நிமிர்த்திப் பக்கத்தில் அணைத்து, அதன்மேல் உடம்பைச் சாய்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல வந்து மல்லாந்து படு. ரெண்டு படகையும் புடிச்சுக்கோ, கையை விடாத. காலைத் தூக்கி உள்ள போடு."

போட்ட கால் மிஸ்ஸின் தோளில் இடித்தது. அவ்வளவுதான், ஜெயஸ்ரீயின் கை தானாகப் படகை விட்டு அந்தத் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மறுகணம் தண்ணீருக்குள் இருந்தாள். கும்பிடு போட்டே முழுகியவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுபடியும் அதே கதை. ஷ்யாம்சுந்தர் தூரத்திலிருந்து தலையை ஆட்டினார். வாயெல்லாம் உப்பு, கை மரத்துப்போயிற்று. ஜெயஸ்ரீ அண்ணாந்து கிடந்தாள். மேகம் தண்ணீரில் மிதக்கிறதா, தான் மேகத்தில் மிதக்கிறாளா என்று தெரியவில்லை. கழி தன் தூக்கம் கலையாமல் அவர்களைக் கடல் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தது.

"போதும் மிஸ். என்னால உங்களுக்குத்தான் கஷ்டம்."

"நான் சொன்னேனா?"

"டைவர்ஸ் ஆனப்பகூட அம்மா வீட்டுக்குப் போகல மிஸ். யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னுதான்..."

மிஸ் பிடியை விடவில்லை. "ரெண்டு படகும் சேர்ந்திருக்கிற வரைக்கும் நீயும் கவிழ மாட்ட, நானும் கவிழ மாட்டேன். நல்லா மிதிச்சு ஏறு."

இம்முறையும் கால் மிஸ்ஸின் தோளில்தான் விழுந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்ற ஜெயஸ்ரீயின் விரல்கள் துடித்தன. அவள் படகை விடவில்லை. குதிகாலை அங்கேயே ஊன்றி, மொத்த பாரத்தையும் இறக்கி, இடுப்பை எக்கி உள்ளே சரிந்தாள். படகு ஆடி நின்றது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, வெட்கமே இல்லாமல் அழுதாள்.

"வலிக்குதா மிஸ்?"

"வலிக்குது," என்றார் ஈவ்லின் மிஸ், படகை இன்னும் அணைத்தபடியே. "அதனால என்ன?"