முடிவேரில் உப்பு

எங்கள் விடுதி அறையில் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே கவலை, முடி. மாரீஸ்வரனுக்கு நெற்றி மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்குச் சீப்பில் வருவது கொஞ்சம் அதிகம். நாகேந்திரனுக்கு வலது காதுக்கு மேலே ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் தெரிந்தது. இடது பக்கம் மட்டும் கருவேலங்காடு.

நாகேந்திரனுக்குக் கமுதிப் பக்கம் ஊர். அவனுடைய அய்யாவுக்கு இருபத்தெட்டு வயதிலேயே மண்டை வெட்டவெளி. கல்யாண ஃபோட்டோவில் தலைப்பாகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நிலைமை தனக்கு வரக் கூடாது என்பதுதான் நாகேந்திரனின் லட்சியம். பி.எஸ்சி. வேதியியல் எல்லாம் அதற்கு அப்புறம்.

யூடியூபில் ஒருவர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருந்தார். காலையில் ஒருமுறை கொஞ்சம் முடியைப் பிடித்து மெதுவாக இழுத்து, எத்தனை கையோடு வருகிறது என்று பார்க்க வேண்டும். ‘மெதுவாக’ என்பது நாகேந்திரன் காதில் விழவில்லை. ‘ஒருமுறை’ என்பதும் விழவில்லை. வகுப்பில், மெஸ் வரிசையில், செமஸ்டர் தேர்வில் என்று சோதனை நடந்துகொண்டே இருந்தது. வந்த முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவான்.

ஒருநாள் கத்தினான். “ஏலே, இங்கன வாங்கடா! வேர்ல பாருங்க, வெள்ளையா என்னமோ இருக்கு.”

“அதான்லே வேரு. பிடுங்குனா அப்படித்தான் வரும்” என்றேன்.

“உப்புலே இது. ஹாஸ்டல் போர்த் தண்ணி உப்புப் படிஞ்சு முடிய நெம்பித் தள்ளுது.”

“அப்ப நக்கிப் பாரு.”

கிண்டலுக்குத்தான் சொன்னேன். மாரீஸ்வரன் அதை வாங்கி நாக்கில் வைத்தான். கண்ணை மூடி யோசித்தான். “லேசாக் கரிக்குது மாப்ள” என்றான்.

காலையிலிருந்து வியர்த்த விரலில் இருந்த முடி கரிக்காமல் இனிக்கவா செய்யும்? ஆனால் இராமநாதபுரத்தில் உப்புத் தண்ணீர் மேல் பழியைப் போட்டால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. பல்லில் காவியா, சிறுநீரகத்தில் கல்லா, கணக்கில் அரியரா, எல்லாம் உப்புத் தண்ணீர்தான். மறுநாள் மூன்றாவது மாடி முழுக்க ஆளாளுக்கு முடியைப் பிடுங்கி நக்கிப் பார்த்துவிட்டு, குளியலறை வாளியை உதைத்தார்கள்.

எனக்குப் பாலம் தாண்டித் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். சுற்றிலும் கடல் என்றாலும், எங்கள் ஊர் மணலில் தோண்டினால் ஊறுவது நல்ல தண்ணீர்.

“கடலுக்கு நடுவுல நல்ல தண்ணியாம். கதை விடாதலே” என்றான் நாகேந்திரன்.

“பதினஞ்சு நாள் எங்க ஊருத் தண்ணியில தலைய அலசு. கொட்டுறது நின்னுச்சுன்னா, காலேஜ் முடியிற வரைக்கும் வாரம் ரெண்டு கேன் நான் சுமக்குறேன். நிக்கலேன்னா எங்கூட டாக்டர்ட்ட வரணும்.”

“சத்தியமா?”

“மாதா சத்தியமா.”

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து திரும்பப் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் கேனை முறைத்தார். “உள்ள என்ன தம்பி, மீனா?”

“தண்ணிண்ணே. ஒருத்தன் மண்டைக்கு.”

அவர் லக்கேஜ் டிக்கெட் மட்டும் கிழித்தார்.

பதினைந்து நாளில் காசு அளவு இருந்தது வடை அளவு ஆனது.

“கேன்ல கடல் தண்ணியக் கலந்தியாலே?” என்றான் நாகேந்திரன்.

“கையக் கட்டிட்டு இருந்துபாரு, தெரியும்.”

“பாலத்துல பஸ் வாரப்ப மூடியத் திறந்து வச்சிருப்ப. உப்புக்காத்து இறங்கியிருக்கும். பொறாமைலே ஒனக்கு. நான் சொட்டையானாத்தான் ஒன் மூஞ்சி எடுப்பாத் தெரியும்!”

தோள்பட்டை வீங்க நாலு கேன் சுமந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? அன்றைக்கே அவன் கட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டான். சாக்பீஸால் தரையில் ஒரு கோடும் போட்டான். நான் அதைத் தாண்டக் கூடாதாம். கதவு அவன் பக்கம் இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் அவன் ‘முடி வளர ஏழு வழிகள்’ பார்த்துக்கொண்டிருந்தான். நான் புத்தகத்துக்குப் பின்னால் என் செல்லைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்தேன். இருபது நிமிடம். நான்காவது வழி, முடியை இழுக்காதீர்கள் என்பது. அதைக் கேட்டுக்கொண்டே மூன்று பிடுங்கினான்.

ஹாஸ்டல் குரூப்பில் போடுவதற்குத்தான் எடுத்தேன், நல்லெண்ணம் எதுவும் கிடையாது. “சிரிக்கத் தயாரா இரு” என்று மாரீஸ்வரனிடம் நான் சொன்னதுதான் தாமதம், நாகேந்திரன் கோட்டைத் தாண்டி வந்து செல்லைப் பிடுங்கினான்.

இடது கையில் செல். கண் இமைக்காமல் பார்த்தான். உள்ளே இருந்த நாகேந்திரனின் வலது கை காதுக்கு மேலே போனது. வெளியே இருந்தவனின் வலது கையும் போனது. உள்ளே ஒன்று பிடுங்கினான். வெளியேயும்.

“மாப்ள…” என்றான் மாரீஸ்வரன்.

நாகேந்திரன் கையை இறக்கினான். விரலிடுக்கில் ஒரு முடி. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

“இத யாருலே பிடுங்குனா?”



“அழி” என்று செல்லைக் கட்டிலில் எறிந்தான். அழித்தேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் வந்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தான். தோல் டாக்டர் தலையை விட அவன் விரல்களைத்தான் அதிக நேரம் பார்த்தார். இது மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போக வேண்டியது என்று அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டரம்மா, “இது அவருக்கே தெரியாம நடக்குறது. கேலி பண்ணுனா கூடும். கை போறப்ப எடுத்துச் சொல்லுங்க, போதும். மாசம் ஒருதடவ வாங்க” என்றார். கேலி என்னும்போது என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சாயங்காலம் நாகேந்திரன் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு, பாடப் புத்தகத்தை விரித்தான்.

“கை மேல போனா சொல்லு. வேற ஒரு வார்த்த பேசுன, செவுலு திரும்பிரும்.”

அரைப் பக்கம் தாண்டவில்லை. “கை” என்றேன்.

“தெரியுதுலே, மூடு.”

வலதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். இரண்டு நிமிடத்தில் இடது கை கிளம்பியது.

“கை.”

“இது இடதுலே.”

“அது மட்டும் மாரீஸ்வரனோடதா?”

பல்லைக் கடித்தான். இடதையும் தொடைக்கு அடியில் செருகினான். அப்படியே குனிந்து படித்தான். பக்கம் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டான்போல. என்னை முறைத்தான்.

“திருப்பு” என்றான்.

திருப்பினேன்.

“இன்னும் ஒரு வரி பாக்கி இருக்குலே, மூதேவி.”