வெள்ளைக் கோடு

தன் அப்பாவின் சாவுக்கு வந்த மலர்வளையத்தை அவள் தூக்கித் தெருவில் எறிந்தாள் என்றுதான் என் நினைவு. என் மனைவி இல்லை என்கிறாள். இரண்டு கையாலும் பிடித்துக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் மதிலில் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள், அதுவும் மெதுவாக, என்கிறாள். அவர்கள் வீட்டு மாடியில் நாங்கள் பதினோரு வருடம் குடியிருந்தோம். ஒரே படியில் நின்று பார்த்த எங்கள் இருவருக்குமே இரண்டு விதமாக நினைவிருக்கிறது என்றால், மற்றதையெல்லாம் நான் சரியாகச் சொல்வேன் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பாதி நான் பார்த்தது. மீதி, பல வருடம் கழித்து அந்த வீட்டுப் பெண் சொன்னது. சொன்னபோதும் அவளுக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை.

எறிந்தாளோ வைத்தாளோ, அவள் திரும்பி வந்தபோது ஹாலில் பேச்சு நின்றிருந்தது.

மலர்வளையத்தின் குறுக்கே இருந்த நாடாவில் 'எங்கள் மூத்த மெக்கானிக்கிற்கு' என்று ஒர்க்‌ஷாப்காரர்கள் அச்சடித்திருந்தார்கள். மூன்று நாளுக்கு முன்புதான் அதே மூத்த மெக்கானிக்கை, வேலை செய்பவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா வந்தார். குளித்தார். தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். "என்னப்பா, சீக்கிரம் வந்துட்டீங்க?" என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்லம்மா" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் குழாய்ச் சத்தம்தான் கேட்டது. மூன்றாம் நாள் காலை, யாரும் கூப்பிடாமலே வேலைக்குக் கிளம்பி ஷூ போட உட்கார்ந்தவர், ஒன்றைப் போட்டுக்கொண்டார். இன்னொன்றைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்துவிட்டார். அன்று அங்கே, அவர் வேலை போகக் காரணமான காரின் இன்ஜினைப் பிரிப்பதாக இருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் கிளம்பியிருக்கிறார்.

அது ஒரு பல் டாக்டரின் கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். செவ்வாய்க்கிழமை ஆயில் மாற்ற விட்டிருந்தார். ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வாயில் இருக்கும் ரப்பர் ரிங் சில சமயம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். கவனிக்காமல் புதியதை மாட்டினால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரிங். நிறுத்தின இடத்திலேயே இன்ஜினை ஓட்டிப் பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகாது. வேகம் எடுத்து, உள்ளே அழுத்தம் ஏறும்போது ஒரு ரிங் பிதுங்கி வெளியே வந்துவிடும். அரை நிமிடத்தில் மொத்த ஆயிலும் ரோட்டில். புதன்கிழமை பல் டாக்டருக்கு அதுதான் நடந்தது. அடுத்த கிலோமீட்டருக்குள் இன்ஜின் இரும்புத் துண்டாக இறுகிவிட்டது.

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்தவர் அதன்மேல் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இழுக்கும் வேலை அவள் அப்பாவுடையது. எக்ஸ்ரே என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். கழற்றிய பழைய ஃபில்டரை எங்கே போட்டார்கள் என்று தேடி எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அதன் வாயில் ரிங் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதியதின் பக்கமே போவார்.

கொஞ்ச நேரம் கழித்து, சுவரோரம் நின்றிருந்த ஒர்க்‌ஷாப் ஆட்கள் மெல்லிய குரலில் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எக்ஸ்ரே மேல போயும் சும்மா இருக்க மாட்டாருடா. ஒவ்வொரு கதவா கீலைத் தட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள போவாரு."

"போடா, திறந்து விடுறவனையே 'நீ சரியாத்தான் மாட்டினியா?'ன்னு கேப்பாரு."

சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் அடங்கியது. அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்ததாம். அன்று முழுவதும் அவளுக்குக் கோபம் வராத ஒரே இடம் அதுதான்.

சர்வீஸ் மேனேஜர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பல் டாக்டர், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, வந்திருக்க வேண்டாமோ என்ற முகத்தோடு. மேனேஜர் தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனால் ஹால் சின்னது.

"பெரியவருக்குக் கண்ணு மங்கிடுச்சு டாக்டர். போன வருஷமே சொன்னோம், ஆபீஸ்ல உக்காருங்க, கையெழுத்து மட்டும் போடுங்கன்னு. கேக்கலை. என்ன பண்றது, பழைய ஆளு. மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுதா?"

அவள் அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்தாள். கண்ணு மங்கிடுச்சாம். வீட்டில் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது அவர்தான். அவள் பின்பக்கம் போனாள். அவள் நடந்த விதத்தில் வழியில் இருந்தவர்கள் தாமாகவே ஒதுங்கினார்கள்.

பின்பக்கக் குழாயடியில் அவள் கணவன் குந்தியிருந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். அவனும் அதே ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். எட்டு வருடமாக மாமனாரும் மருமகனும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் வருவார்கள். நான் மாடியிலிருந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அவள் குரலைக் கேட்டதும் நின்றுவிட்டேன். பிறகு இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை.

"உள்ள என்ன பேசுறான்னு கேட்டீங்களா?"

"கேட்டுச்சு."

"கேட்டுட்டு இங்க டம்ளர் கழுவுறீங்க."

அவன் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினான்.

"அந்த ஃபில்டரைப் போட்டது யாரு?"

"மாமாதான் மார்க் போட்டாரு."

"மார்க் போட்டது யாருன்னு கேக்கலை. ஃபில்டர் போட்டது யாரு?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து குழாயை மூடினாள்.

"நான்தான்," என்றான்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் 'யார் போட்டது'ன்னு கேட்டானாமே. அப்பா என்ன சொன்னாரு?"

"கோடு என்னோடதுன்னாரு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துல. நல்லா நின்னீங்க போங்க. கூடவே வண்டியில கூட்டிட்டுப் போவீங்க, கூட்டிட்டு வருவீங்க, அன்னிக்கு மட்டும் அவரு தனியா பஸ்ஸுல வந்தாரு. எதிர்ல உக்காந்து ரெண்டு நாள் சோறு தின்னீங்க. அவரு முகத்தைப் பாத்தீங்களா ஒரு தடவையாவது?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அவரே வேணாம்னு கண்ணைக் காட்டினாரு. அப்புறம்... இப்ப சொல்லி என்ன ஆகப்போவுது? மாமாவுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதா?" அவள் குரல் ஏறவில்லை, இறங்கியது. "நீ மனுஷனா? குருடன்னு சொல்லிட்டிருக்கான் உள்ள. குருடன்னு சொல்லித்தான் அவரை இந்த வீட்லருந்து அனுப்பணுமா?"

எட்டு வருடத்தில் அவள் அவனை 'நீ' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். அவன் எழுந்து நின்றான். ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை," என்றான். "ஃபில்டரை மாட்டிட்டு அவருக்காகத்தான் காத்துட்டிருந்தேன். வந்தாரு. டார்ச்சை எடுத்தாரு. எடுத்ததைத் திரும்பப் பாக்கெட்லயே வச்சுக்கிட்டாரு. பழைய ஃபில்டரைக் கேக்கலை, திருப்பிப் பாக்கலை. 'நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை'ன்னாரு. கோடு போட்டுட்டுப் போயிட்டாரு. எட்டு வருஷத்துல என் வேலையைப் பாக்காம அவரு போனதே இல்ல. அன்னிக்கு மட்டும் ஏன்?"

படியில் நின்ற எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். கோபத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

அவள் பின்னால் எனக்குச் சொன்னது இது. அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அப்பா சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அப்பா, அவரு போட்ட ஒவ்வொரு போல்ட்டையும் நீங்க திரும்ப முறுக்கிப் பாக்குறீங்களாமே."

"எல்லாருதையும் பாக்குறேன். எனக்கு வேலையே அதானேம்மா."

"எல்லாரும் உங்க மாப்பிள்ளையா? மாமனாரைக் கேக்காம மூச்சுகூட விடமாட்டான்னு கேலி பண்றாங்களாம். காலையில சாப்பிடாமப் போறாரு. என்கிட்டயும் பேசுறதில்லை. நடுவுல கிடந்து நான்தான் நாறுறேன்."

அப்பா குழாயைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார்.

"மத்தவங்களுதைப் பாருங்க. அவருதை மட்டும் விட்டுருங்கப்பா. எனக்காக. அவரு கண்ணு முன்னாடி ஒரே ஒரு தடவையாவது பாக்காமக் கோட்டைப் போடுங்க."

அவர் பழைய வாஷரை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார். அதைக் குப்பையில் போட்டபின், "சரிம்மா," என்றார்.

அவ்வளவுதான் நடந்தது என்றாள். இரண்டு நிமிடம்கூட இருக்காது என்றாள்.

குழாயடியில் அவள் கணவன் அதற்குமேல் காத்திருக்கவில்லை. அவளைத் தாண்டி ஹாலுக்குப் போனான். அவள் பின்னாலேயே போனாள். நானும் நாற்காலிகளைப் படியிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

"சார்," என்றான் மேனேஜரிடம். சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அந்த ஃபில்டரை மாட்டினது நான். பழைய ரிங் ஒட்டிட்டிருந்ததை நான்தான் கவனிக்கலை. அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

மேனேஜர் எழுந்து அவன் தோளில் கை வைத்தார். "இப்ப எதுக்குப்பா இதெல்லாம்? துக்கத்துல இருக்க. அப்புறம் பேசிக்கலாம்."

"இப்பவே பேசலாம் சார். நீங்க இப்பதானே பேசுனீங்க."

"சரி, கோடு அவருதுதானே? பாக்கத்தானே அவரை வச்சிருந்தோம்?"

"கோடு அவருதுதான். ஆனா அவரு பாக்கலை. என்னை நம்பிப் போட்டாரு. அவரு செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்."

சுவரோரம் நின்றவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். மேனேஜரின் கை இன்னும் தோளில் இருந்தது. எடுத்தால் என்ன அர்த்தம் ஆகும் என்று யோசிப்பது போலிருந்தது. பல் டாக்டர் தரையைப் பார்த்தபடியே பேசினார். "சிவப்பு லைட் வந்துச்சு. நானும் நிறுத்தலை. அடுத்த திருப்பத்துல ஓரம் கட்டிக்கலாம்னு போயிட்டேன். உடனே நிறுத்தியிருந்தா இன்ஜின் தப்பிச்சிருக்கும்னு சொன்னாங்க."

கேட்டவர்கள் எல்லோரும், ஏதோ முறை வந்தது போல, அவளைப் பார்த்தார்கள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். இதில் எனக்குச் சந்தேகமில்லை. என் மனைவியும் பார்த்திருக்கிறாள்.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"வண்டி வந்துருச்சு," என்றாள். குரல் கடுமையாக இருந்தது. "என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? தூக்குங்க."

அந்த வாரமே அவள் கணவனை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது அவன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கிறான். சர்வீஸ் மேனேஜர் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டார். பல் டாக்டர் காருக்கு வேறு இன்ஜின் போட்டு, ஒரு வருடம் ஓட்டிவிட்டு விற்றுவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் கோடு இழுப்பதை நிறுத்திவிட்டு, போட்டோ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்களாம். நாங்கள் வீடு மாறிவிட்டோம். வருடத்துக்கு ஒருமுறை போய்வருகிறோம். அவளும் அவனும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். அவனை அவள் மறுபடி 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். யாராவது வந்து மாமனார் பேச்சை எடுத்தால், அவன் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லாமல் விடுவதில்லை. எட்டு வருஷம் பாத்தாரு, கடைசியா ஒரு நாள் என்னை நம்பினாரு, என்பான். சொல்லும்போது அவன் முகத்தில் துக்கத்தோடு ஒரு பெருமையும் இருக்கும். அவள் அப்போது எழுந்து சமையலறைக்குப் போவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.