மாடல் கேஸ்

காலை ஒன்பதரைக்கு நஞ்சுண்டன் ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவைத் தட்டியதும் லோகப்பிரியா எழுந்து போய்த் திறந்தாள். பெருந்துறையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. அவர் மனைவி வள்ளியாத்தாளின் நுரையீரலிலிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைத்த தசைத்துணுக்கை மரபணு சோதனைக்கு அனுப்ப வேண்டும். புது மாத்திரை அவளுக்குக் கேட்குமா கேட்காதா என்று அந்தச் சோதனைதான் சொல்லும்.

"ஏனுங்க அம்மணி, அந்த மெழுகுக் கட்டியக் குடுத்தீங்கன்னா இன்னைக்கே கொண்டு போய்ச் சேத்துப் போடுவேனுங்க. மறுக்கா ஊசி போட்டு எடுத்தா அவளுக்கு மூச்சு தாங்காதுன்னு சொல்லிப்போட்டாங்க."

"உக்காருங்ணா, பாத்துட்டு வாரேன்."

பார்க்க என்ன இருக்கிறது? அந்தக் கட்டியில் இப்போது மெழுகு மட்டும்தான் மிச்சம். சீவித் தீர்த்தது அவள் கைதான்.

புற்றுநோய்த் துறையில் ரிசர்ச் யூனிட், டீச்சிங் யூனிட் என்று இரண்டு. பல்கலைக்கழகமே மார்தட்டிக்கொள்ளும் துறை. இரண்டுக்கும் சேர்த்து மெழுகுக் கட்டிகளை மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி ஸ்லைடு போட லோகப்பிரியா ஒருத்திதான். மூன்றில் ஒரு பங்கை நோயாளிக்கென்று விட்டுவைக்க வேண்டும் என்ற விதியைச் சுவரில் ஒட்டியவளும் அவளே. வள்ளியாத்தாளின் கட்டியிலிருந்து முதலில் ரிசர்ச் யூனிட் இருபது சீவல் வாங்கிப் போனது. போன மாதம் டீச்சிங் யூனிட் தலைவர் கிருபாசங்கர் வந்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுச் சொக்கிப்போனார். "மாடல் கேஸும்மா! பசங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு போட்டுடு" என்றார். "மிச்சம் வெக்கோணுங்க சார்" என்றாள். "ரிசர்ச்ல வெச்சிருப்பாங்க." ரிசர்ச்சில் கேட்டால், டீச்சிங்கில் இருக்கும் என்றார்கள். வருஷக்கணக்காக இப்படித்தான். அவளும் அதை நம்பிச் சீவினாள். நாற்பது ஸ்லைடு. அதை நினைத்தால் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டாள். சாயம் ஏற்றிய ஸ்லைடானாலும் சுரண்டி எடுத்துப் பார்க்கலாம், குறைந்தது பதினைந்து ஸ்லைடாவது வேண்டும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ரிசர்ச் யூனிட்டில் விசாரித்தால், அந்த இருபதும் ஆய்வில் தீர்ந்துவிட்டது என்றார்கள். உடனே கிருபாசங்கரைக் கூப்பிட்டுப் பதினைந்து ஸ்லைடைத் திருப்பிக் கேட்டாள்.

"பத்து மணிக்கு பிராக்டிகல் எக்ஸாம்மா. அந்த செட் இப்ப டீச்சிங் யூனிட் சொத்து. அடுத்த வாரம் மீட்டிங்ல பேசுவோம்."

சொத்தாம். யார் வீட்டுச் சொத்து? அவளுக்குக் காது மடல் வரை கொதித்தது. நஞ்சுண்டனிடம் வந்து, ஒளிக்காமல் சொன்னாள். "அண்ணா, உங்கூட்டுக்காரம்மாவோடத சீவித் தீத்துப்போட்டோம். நான்தான் சீவுனேன்."

அவர் ஏசவில்லை. சீட்டை நான்காக மடித்தார். "படிக்கற புள்ளைகளுக்குன்னா செரிங்க..." என்று இழுத்தார். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்லைடு அடுக்கும் காலி மரத்தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

தேர்வு தொடங்கிவிட்டிருந்தது. நாற்பது தலைகள் நுண்ணோக்கிகளின் மேல் குனிந்திருந்தன. பலகையில், 'பெண், 46 வயது, புகைப்பழக்கம் இல்லை' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. லோகப்பிரியா முதல் நுண்ணோக்கியிலிருந்து ஸ்லைடை உருவித் தட்டில் வைத்தாள். பிறகு அடுத்தது. மாணவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். கிருபாசங்கர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தார்.

"லோகப்பிரியா! என்ன பண்றே? எக்ஸாம் நடக்குது!"

"நடக்கட்டுங்க சார். இந்தம்மா பேரு வள்ளியாத்தாள். அவங்க வீட்டுக்காரர் கீழ உக்காந்திருக்காருங்க."

"உன் வேலை போயிடும்."

"போகட்டுங்க."

பதினான்காவதை வைத்தபோது கிருபாசங்கர் தட்டின் மறுமுனையைப் பிடித்துவிட்டார். அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. நடுவில் ஸ்லைடுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. மூன்றாவது வரிசையில் இஃப்ரா என்ற மாணவி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள். தன் ஸ்லைடைத் தானே எடுத்து, விளிம்பில் மட்டும் விரல் படப் பிடித்தபடி எழுந்து நடந்து வந்தாள். அவள் விட்டு வந்த நுண்ணோக்கியில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.