எல் போர்டுக்குப் பின்னால் ஏழாம் நம்பர்

இருபத்திரண்டு வருடங்களாகத் தேவகுமாரி, கார் ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏற்காடு மலையை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் தேவகுமாரி டிரைவிங் ஸ்கூலுக்கு முதலாளியும் அவள்தான், வாத்தியாரும் அவள்தான். கூரைமேல் பலகையும் முன்னும் பின்னும் சிவப்பு எல் போர்டுமாக ஒரு வெள்ளை மாருதி வைத்திருந்தாள். அதில் இடதுபக்க இருக்கைக்கு முன்னாலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டைவிட்டால் பக்கத்தில் இருக்கும் வாத்தியாரம்மா மிதித்துவிட வேண்டும். எஸ்டேட் மேனேஜர்களின் மனைவிமார், மிஷன் பள்ளி டீச்சர்கள், வெளிநாடு போகிற நர்சுகள், மாரமங்கலத்து மிளகு வியாபாரி என்று ஊரில் பாதிப்பேர் அவள் காலை நம்பித்தான் உயிரோடு இருந்தார்கள்.

இதில் இருந்த கொடுமையை யாரும் யோசித்ததில்லை. ஒருவருக்கு ஓட்ட வந்துவிட்டால் மறுநாளே லைசென்சை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்தபடி ஓட்டத் தெரியாத இன்னொருவர் வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார். ஆக, நன்றாக ஓட்டுகிற ஒருவர் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிற சுகம் தேவகுமாரிக்கு வாய்த்ததே இல்லை. கணவர் ஜெப்சன் காபி எஸ்டேட்டில் ரைட்டர். நாள் தவறாமல் பதிவேட்டில் வேலையாட்களுக்குப் பேர் போட்டு, மணி தவறாமல் மணியடிக்கிற மனுஷன். சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டமாட்டேன் என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார்.

தேவகுமாரிக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பைத்தியம். கோயம்புத்தூரில் கண்காட்சி என்றாலும் சரி, பெங்களூரில் என்றாலும் சரி, பஸ் ஏறிப் போய் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவளுக்கு, கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, இந்த வருஷம் பழைய கார் ரேலி ஏற்காட்டுக்கே வந்தது. சேலம் அடிவாரத்தில் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிக்கரையில் முடிவது. மொத்தம் பதினெட்டு கார்கள்.

முதல்நாள் மாலையே ரேலியை நடத்துகிற கிளப்காரர்கள் ஒண்டிக்கடையில் ஒரு பெட்டி வைத்தார்கள். எந்த நம்பர் ஜெயிக்கும் என்று சீட்டில் எழுதிப் போட வேண்டும். சரியாகச் சொன்னவரை ஜெயித்த காரிலேயே உட்காரவைத்து ஏரியை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்களாம். தேவகுமாரி யோசிக்கவே இல்லை. ஏழு என்று எழுதினாள். அது கூரை இல்லாத, இரண்டே இருக்கை கொண்ட, பாசிப் பச்சை நிறத்துக் கார். எழுபது வயதாகியும் இடுப்பு பெருக்காத கார். அதை ஓட்டுகிற மேனகா கோயம்புத்தூர்க்காரி, ஐம்பதை நெருங்கியவள். போன வருஷக் கண்காட்சியில் அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆள் நுழையமுடியாத சந்தில் அந்தக் காரைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தியதைத் தேவகுமாரி கண்ணால் பார்த்திருக்கிறாள். அன்றைக்கே மனதுக்குள், இவள் பக்கத்தில்தான் உட்காரவேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

ஜெப்சன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நோட்டீசை எடுத்து முன்னும் பின்னும் படித்தார். எதையும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாத ஆள். பிறகு மூன்று என்று எழுதிப் போட்டார். மூன்றாம் நம்பர், சாம்பல் நிறத்தில் கனத்த ஒரு குடும்பக் கார்.

"அதெல்லாம் ஒரு காருங்களா? பீரோவுக்குச் சக்கரம் மாட்டுனாப்புல இருக்குது" என்றாள் தேவகுமாரி.

"அதோட டிரைவரு ரெண்டு கையிலயும் வாட்ச் கட்டியிருக்கறாரு, குமாரி. இந்த நோட்டீஸ்ல என்ன போட்டிருக்குதுன்னா…"

"பந்தயத்துக்கு எதுக்குங்க நோட்டீசு? மொதல்ல வாரவங்க ஜெயிப்பாங்க. அவ்வளவுதான்."

ஜெப்சன் நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதறாத காரியம் சிதறாது என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சிக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு ஓட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் இருவரும் மாருதியில் அடிவாரத்துக்கு இறங்கினார்கள். தேவகுமாரி ஓட்ட, ஜெப்சன் இடப்பக்கம். ஒவ்வொரு காராகக் கொடியசைத்து அனுப்பினார்கள். பீரோ உருண்டு போனது. நாலு, ஐந்து, ஆறு போயின. ஏழாம் நம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பியபோது தேவகுமாரியின் முதுகுத்தண்டு சிலிர்த்தது. மேனகாவின் பக்கத்தில் அவள் தம்பி சிவக்குமார், மடியில் ஒரு பெரிய கடிகாரத்தை வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தான். வண்டி கொஞ்ச தூரம் போகவிட்டுத் தேவகுமாரியும் பின்னாலேயே ஏறினாள்.

மூன்றாவது வளைவிலேயே வினை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா, ஊர்ப்பட்ட வேன்களும் கார்களும் முன்னால் ஊர்ந்தன. பாசிப் பச்சைக் கார் அவற்றின் புகையைக் குடித்துக்கொண்டு நத்தையாக ஏறியது.  ஆசைப்பட்ட இருக்கை கண்ணெதிரே நழுவிப் போகிறதே என்று தேவகுமாரிக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. அப்போதுதான் தன் வண்டியின் தலையில் இருக்கும் பலகை அவளுக்கு ஞாபகம் வந்தது.

சேர்வராயன் மலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தேவகுமாரியின் எல் போர்டு வண்டி வந்தால், பஸ்ஸோ லாரியோ பைக்கோ, எல்லாரும் ஓரம்கட்டி நின்றுவிட வேண்டும். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது எந்தப் புண்ணியவதியோ, என்றைக்கு ஆரம்பித்தவளோ, யாருக்குத் தெரியும்? பக்கத்து வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு டீச்சரம்மா பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துக் கோழிக்கடைக்குள் போன நாளிலிருந்து இந்தச் சட்டம் அமலில் இருந்தது.

சாலை அகலமாக இருந்த இடத்தில் தேவகுமாரி ஏழாம் நம்பரைத் தாண்டி முன்னால் போனாள். விளக்கைப் போட்டாள். பாடம் நடத்தும்போது அடிக்கிற ஹாரனை அடித்தாள், இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அவ்வளவுதான். வேன்கள் ஒதுங்கின. பைக்குகள் கல்மேல் ஏறி நின்றன. வெளியூர் கார்க்காரர்களும், உள்ளூர்க்காரர்கள் இப்படிப் பதறி ஒதுங்குகிறார்களே, என்ன ஆபத்தோ என்று ஒதுங்கினார்கள். ஒரு வளைவில் பஸ் டிரைவர் சூசைமாணிக்கம் தன் பஸ்ஸையே பாறையோடு ஒட்டி நிறுத்திவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஓட்டுவது வாத்தியாரம்மாவேதானா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஆராய்ச்சியை உயிர் பிழைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

பிரச்சினை காருக்குள்தான் இருந்தது. ஜெப்சனின் காலடியில் பிரேக் இருந்தது. ஜெப்சனின் மனதில் பயம் இருந்தது. வளைவுக்கு வளைவு வண்டி குலுங்கி நின்றது.

"ஏனுங்க, அதை மிதிக்காதீங்க. காலை மேல தூக்கிக்கிட்டு உக்காருங்க."

"குமாரி, நோட்டீஸ்ல…"

"பேசாம வாங்க."

ஆறாவது வளைவிலிருந்து ஜெப்சன் பந்திக்கு உட்கார்ந்தவர்போலச் சம்மணம் போட்டுக்கொண்டு வந்தார். முன்னால் போயிருந்த பந்தயக் கார்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. கண்ணாடியில் ஏழாம் நம்பர் ஒட்டிக்கொண்டே வந்தது. மேனகாவின் பல் தெரிந்தது, சிரிக்கிறாள். சிவக்குமாரின் பல் தெரியவில்லை. அவன் தலையைக் கதவுக்கு வெளியே தொங்கப்போட்டு, காலையில் தின்ற இட்லியை மலைக்குக் காணிக்கை கொடுத்துக்கொண்டிருந்தான். ஒன்பதாவது வளைவில் மூன்றாம் நம்பர் ஓரமாக நின்றது. இரண்டு வாட்ச்காரர் வெளியே கல்லில் உட்கார்ந்து நிதானமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"பீரோ படுத்துக்கிச்சு" என்றாள் தேவகுமாரி சந்தோஷமாக.

"அவரு வாட்சப் பாத்துக்கிட்டு இருக்கறாரு" என்றார் ஜெப்சன். அவர் குரலில் இருந்த துயரத்தை அவள் கவனிக்கவில்லை.

ஏரிக்கரை வந்ததும் தேவகுமாரி நைசாக ஒதுங்கி வண்டியை ஒரு கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். ஏழாம் நம்பர் முதல் ஆளாக உள்ளே நுழைந்தது. கூட்டம் கைதட்டியது. எல்லாரையும்விட உரக்கத் தட்டியவள் தேவகுமாரி. முடிவுக்கோட்டுக்கு அருகில் நின்ற தொப்பிக்கார நடுவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னங்க மேடம், பதினோரு நிமிஷம் முந்தி வந்துட்டீங்க" என்றார்.

தேவகுமாரிக்கு அது வாழ்த்துபோலத்தான் கேட்டது. ஜெப்சன் சட்டைப்பையிலிருந்து நோட்டீசை எடுத்து விரித்தார். "இது வேகப் பந்தயம் இல்ல குமாரி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நேரம் குறிச்சுக் குடுத்திருக்கறாங்க. அந்த நிமிஷத்துக்கு வந்து சேரணும். பிந்துனா நிமிஷத்துக்கு ஒரு மார்க்கு போயிரும். முந்துனா ரெண்டு."

"இதை நேத்தே சொல்றதுக்கென்னங்க?"

ஜெப்சன் நோட்டீசைத் திரும்ப நாலாக மடித்தார். நல்ல கணவர்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. மற்ற கார்களெல்லாம் வரவர, ஏழாம் நம்பர் பட்டியலின் அடிக்குப் போனது. மூன்றாம் நம்பர் ஆரஞ்சு வாசனையோடு ஆடி அசைந்து வந்து, குறித்த நிமிஷத்தில், குறித்த நொடியில் கோட்டைத் தொட்டது. பீரோவுக்குக் கோப்பை. பெட்டியில் மூன்று என்று எழுதிப் போட்டிருந்தவர் ஒரே ஒருவர். மைக்கில் ஜெப்சனின் பேரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.

"எனக்குப் பதிலா நீ போயிட்டு வா" என்றார் ஜெப்சன்.

"பீரோவுல எனக்கென்னங்க வேலை? நீங்க போங்க" என்று தேவகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியது. தோற்றதற்குக்கூட இல்லை, முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு தானே கெடுத்தோமே என்றுதான்.

அதற்குள் ஏழாம் நம்பரைச் சுற்றிக் கிளப்காரர்கள் கூடிவிட்டார்கள். மேனகா முன்னால் ஒரு வண்டியை ஏற்பாடு செய்து வழி விலக்கிக்கொண்டு வந்தாள் என்று புகார். அது விதிக்கு விரோதம். அடுத்த வருஷம் அவளைச் சேர்ப்பதில்லை என்கிற பேச்சு.

"யாரோ எல் போர்டு வண்டிங்க. எனக்கு யாருன்னே தெரியாதுங்க" என்று மேனகா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரும் நம்பவில்லை. எல் போர்டு மலையில் பந்தயக் காருக்கு வழிகாட்டியது என்றால் யார்தான் நம்புவார்கள்?

தேவகுமாரி சுற்றிலும் பார்த்தாள். கூட்டத்தில் பாதிக்குமேல் அவளுடைய பழைய மாணவர்கள். சாலை விதி பற்றி அவள் மணிக்கணக்கில் பாடம் நடத்தியதைக் கேட்டவர்கள். வண்டி கடைக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஊர்க்காரர்கள் ஊகித்தாலும் காட்டிக்கொடுக்கமாட்டார்கள்; பேசாமல் இருந்தால் கிளப்காரர்களுக்குத் தெரியப்போவதில்லை. பேசாமல் இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் மேனகா தலைகுனிந்து நின்ற விதத்தைப் பார்க்க மனது கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"அந்த வண்டி என்னுதுங்க. இவுங்களுக்கு என்னையத் தெரியாதுங்க. தப்பு பூராவும் என்னுதுதானுங்க."

தொப்பிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கும்மா செஞ்சீங்க?"

"மொதல்ல வந்தா ஜெயிப்பாங்கன்னு நெனச்சனுங்க. அவுங்க ஜெயிச்சா அந்தக் கார்ல நான் ஒரு சுத்து போலாம்னுதானுங்க." குரல் இறங்கியது. "இருபத்திரண்டு வருசமாக் கார் ஓட்டச் சொல்லித் தர்றனுங்க. நல்லா ஓட்டறவங்க பக்கத்துல நான் உக்காந்ததே இல்லீங்க."

 கூட்டத்தில் யாரோ ஒரு பழைய மாணவி குற்ற உணர்ச்சியோடு இருமினாள். தொப்பிக்காரர் புகாரை எழுதிய தாளைக் கிழித்துப்போட்டார். டிரைவிங் வாத்தியார் தானாக வந்து தப்பு ஒத்துக்கொண்டதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மேனகா காரின் மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "தப்பு பூராவும் உங்களுதில்லீங்க. மெதுவா வரவேண்டியவ நான். கடிகாரத்தைப் பாத்துப் பாத்து, இத்தனை வருசமாக் காலை அடக்கிக்கிட்டே ஓட்டியிருக்கறேன். இன்னைக்குத்தான் இது நொம்ப ஆசையா ஓடுச்சு. எனக்கு நிறுத்த மனசு வல்லீங்க." பிறகு ஓரமாகச் சோடா குடித்துக்கொண்டிருந்த சிவக்குமாரைக் காட்டினாள். "இவன் செத்தாலும் இனி இதுல ஏறமாட்டானாம். பஸ்ல வாரானாம். எறங்கறப்ப எனக்கு மார்க்கும் இல்ல, கடிகாரமும் இல்ல. அடிவாரம் வரைக்கும் வாரீங்களா?"

தேவகுமாரி மாருதிச் சாவியை, அதற்குள் பீரோவில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஜெப்சனின் கையில் திணித்தாள். ஓட்டத் தெரியாத மனுஷனிடம் சாவி கொடுப்பதுபோலப் பாதுகாப்பு வேறு உண்டா? திரும்ப வருவதற்குப் பஸ் இருக்கிறது. பீரோவுக்குள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த ஜெப்சன், மனைவி பச்சைக் காரில் ஏறுவதைப் பார்த்துக் கையாட்டினார்.

இருக்கை தரையோடு தரையாக இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. இருபதாவது வளைவு வந்தபோது தேவகுமாரியின் கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. பத்தொன்பதில் மிதித்தது. பதினெட்டில் மிதித்தது. எங்கே மெதுவாக்க வேண்டுமோ அங்கே மேனகா மெதுவாக்கினாள். எங்கே கியர் மாற்ற வேண்டுமோ அங்கே மாற்றினாள். ஒரு குறை சொல்ல முடியவில்லை. ஆனாலும் கால் கேட்கவில்லை.

"காலடிப் பலகை பேந்துரும்ங்க" என்றாள் மேனகா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பழக்கமுங்க. மன்னிச்சுக்கங்க" என்று தேவகுமாரி வெட்கப்பட்டாள். பதினைந்திலும் மிதித்தாள்.

ஒன்பதாவது வளைவில் எதிரே சூசைமாணிக்கத்தின் பஸ் அடுத்த நடை ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி என்பது மலைச் சட்டம். மேனகா ஒதுங்கப் போனாள். ஆனால் சூசைமாணிக்கம், வருகிற காரின் இடதுபக்கத்தில் தேவகுமாரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். எல் போர்டு இல்லாவிட்டால் என்ன, வாத்தியாரம்மா பாடம் நடத்துகிற பக்கத்தில் அல்லவா இருக்கிறாள். அடுத்த கணம் பஸ் பாறையோடு ஒட்டி நின்றது. சூசைமாணிக்கம் சிலுவை போட்டுக்கொண்டு, ஓட்டுகிற அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பயப்படாம வாங்கம்மணி, நாங்க நிக்கறோம்" என்று சன்னல் வழியாக மேனகாவுக்குத் தைரியம் சொன்னார்.

"ஐயோ, இவுங்க படிக்க வந்தவங்க இல்லீங்க. நொம்ப நல்லா ஓட்டறவங்க" என்று தேவகுமாரி திரும்பி, கையை ஆட்டி, பஸ் கண்ணுக்கு மறைகிறவரை கத்தினாள். மேனகா வாய்விட்டுச் சிரித்தாள். தேவகுமாரியும் சிரித்துக்கொண்டே முன்னால் திரும்பியபோது எட்டாவது வளைவின் பலகை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு கால்களும் நீட்டியபடி சும்மா கிடந்தன.